காலி கார்டுக்கு முழு விலையா?

2025 ஜூன் 5 அன்று கடைகளுக்கு வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 பற்றி, விவரங்கள் வெளியான அந்த ஆண்டு ஏப்ரல் 2 முதலே உலகம் முழுவதும் கேம் ரசிகர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். வெளியானபோது கன்சோலுக்கு 449.99 டாலர். மரியோ கார்ட் வேர்ல்டு என்ற ஒரே கேமுக்கு 79.99 டாலர். இறக்குமதி வரிக் குழப்பத்தில் அமெரிக்க முன்பதிவு ஏப்ரல் 9-லிருந்து 24-க்குத் தள்ளிப்போனது. ஜப்பானில் மட்டும் 49,980 யென்னுக்கு ஜப்பானிய மொழிப் பதிப்பு. கன்சோலை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தரும் 'வெல்கம் டூர்' செயலிக்குக்கூடத் தனிக் கட்டணம். இவை எல்லாமே கோபத்துக்கு உரியவைதான். ஆனாலும் விலை இன்று ஏறும், நாளை இறங்கும். ஒருமுறை நடந்தால் திரும்பப் பெறவே முடியாத சேதம் வேறொரு முடிவில் இருக்கிறது. அதன் பெயர் கேம்-கீ கார்டு.

ஸ்விட்ச் 2-க்கான கார்டு சிவப்பு நிறம். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. குழந்தைகள் வாயில் போட்டு விழுங்கிவிடக் கூடாது என்று முதல் ஸ்விட்ச் காலத்திலேயே கார்டுகளில் கசப்பு ரசாயனம் பூசினார்கள். அந்த அளவுக்கு நுணுக்கமாக யோசிக்கத் தெரிந்த நிறுவனம் இது. கேம்-கீ கார்டும் பார்வைக்கு மற்றக் கார்டுகளைப் போலவே இருக்கும். அதே பிளாஸ்டிக் பெட்டி, அதே அட்டைப்படம், கடையில் அதே அலமாரி. பெட்டியின் முன்பக்கத்தில், கீழே ஒரு வெள்ளைப் பட்டையில் மட்டும் சாவிப் படமும், முழு கேமையும் இணையம் வழியாக இறக்கிக்கொள்ள வேண்டும் என்ற அறிவிப்பும் இருக்கும். கார்டுக்குள் கேம் கிடையாது. கன்சோலில் செருகினால் நிறுவனத்தின் சர்வரிலிருந்து கேமை இறக்க அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். இறக்கி முடித்த பிறகும் ஒவ்வொரு முறை ஆடும்போதும் கார்டு உள்ளே இருந்தாக வேண்டும். டிஜிட்டலாக வாங்கினால் உட்கார்ந்த இடத்தில் கேமை மாற்றிக்கொள்ளலாம். கார்டாக வாங்கினால் இணையமில்லாத ஊரிலும் ஆடலாம். இந்த இரண்டு வசதிகளையும் பறித்துக்கொண்டு, இரண்டின் தொல்லைகளை மட்டும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

கேம்கள் இப்போது பெரிதாகிவிட்டன, கார்டில் அடங்காது என்ற சமாதானம் எடுபடாது. சைபர்பங்க் 2077 பெருத்த கேம் என்று பெயரெடுத்தது. அதை உருவாக்கிய போலந்து நிறுவனம், விரிவாக்கப் பகுதியையும் சேர்த்து 64 ஜிபி கார்டு ஒன்றில் முழுவதையும் அடக்கித் தருகிறது. மறுபுறம் பிரேவ்லி டிஃபால்ட்டைப் பாருங்கள். 2012-ல் 3டிஎஸ் கையடக்கக் கருவிக்காகச் சின்னக் கார்டு ஒன்றில் முழுமையாக வந்த கேம் அது. அதன் மெருகேற்றிய பதிப்பு ஸ்விட்ச் 2-க்குக் காலி கார்டாக வருகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ம் அப்படியே, யாகுசா 0-வின் புதிய பதிப்பும் அப்படியே. அளவு காரணம் என்றால் முதலில் சிக்கியிருக்க வேண்டியது சைபர்பங்க். உண்மைக் காரணம் செலவு. கார்டுக்குள் வைக்கும் நினைவகச் சில்லுக்குக் காசு ஆகும். காலி கார்டில் அது மிச்சம். மிச்சமாகும் காசு வாங்குபவர் பைக்குத் திரும்புவதில்லை.

பதிப்பாளர்கள் எடுக்கும் முடிவுக்கு நிண்டெண்டோ எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வழியைத் திறந்துவிட்டது யார்? கார்டின் வகைகளையும் அளவுகளையும் தீர்மானிப்பது, தயாரிப்பது, பதிப்பாளர்களுக்கு விற்பது எல்லாமே கியோட்டோவில் இருக்கும் தலைமையகம்தான். மரியோ கார்ட் வேர்ல்டு, டாங்கி காங் பனான்சா என்று தன் சொந்த கேம்களை நிண்டெண்டோ முழுக் கார்டில் தந்தது. முழுக் கார்டின் அருமை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே மற்றவர்களுக்கு இந்தக் குறுக்கு வழியைக் காட்டியிருக்கிறார்கள்.

இறக்கிய கேமை வைக்க இடம் வேண்டுமே. கன்சோலுக்குள் இருப்பது 256 ஜிபி. நான்கைந்து பெரிய கேம்களை இறக்கினால் நிரம்பிவிடும். பழைய ஸ்விட்சில் போட்டிருந்த மெமரி கார்டை எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகைதான் செல்லும்; சாதாரண மெமரி கார்டைவிட அதன் விலை பல மடங்கு. ஆக, கேமைச் சுமக்க வேண்டிய சில்லின் செலவு பதிப்பாளர் தலையிலிருந்து இறங்கி வாங்குபவர் தலையில் ஏறிவிட்டது. ஐரோப்பாவில் இன்னும் மோசம். அங்கே மரியோ கார்ட் வேர்ல்டு டிஜிட்டலாக 79.99 யூரோ, பெட்டியாக 89.99 யூரோ. பெட்டிக்கென்று பத்து யூரோ கூடுதலாகக் கேட்ட அதே ஆண்டில், பெட்டிக்குள் இருக்க வேண்டிய பொருளை வெளியே எடுக்கவும் வழிசெய்தார்கள்.

வெறும் டவுன்லோடு குறியீடு அச்சிட்ட காகிதத்தைப் பெட்டியில் போட்டு விற்பதைவிட இது மேல் என்பது உண்மை. கீ கார்டை நண்பருக்குக் கொடுக்கலாம், மறுவிற்பனை செய்யலாம். ஆனால் சர்வர் உயிரோடு இருக்கும்வரைதான் அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பொருள் உண்டு. சர்வர் நின்ற மறுநாள் கைமாறும் கார்டை வைத்துக்கொண்டு யாரும் எதையும் ஆட முடியாது.

சர்வர் நிற்குமா என்ற கேள்விக்கு இதே நிறுவனத்தின் வரலாறே பதில் சொல்கிறது. வீ கன்சோலின் இணையக் கடை 2019 ஜனவரி 30-ல் மூடப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவற்றை மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். 2022 மார்ச்சில் அந்தச் சேவையும் முடங்கி, மீண்டும் வர மாதக்கணக்கானது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அதுவரை வெறும் பிழைச்செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2023 மார்ச் 27-ல் 3டிஎஸ், வீ யு கருவிகள் இரண்டின் கடைகளும் ஒரே நாளில் மூடின. பெட்டியில் வராமல் அந்தக் கடைகளில் மட்டும் விற்ற நூற்றுக்கணக்கான கேம்களை இனி யாரும் புதிதாக வாங்கவே முடியாது. 2024 ஏப்ரலில் அவற்றின் ஆன்லைன் ஆட்டமும் நின்றது. ஆனால் 3டிஎஸ் கார்டு ஒன்றைப் பழைய பொருள் கடையில் வாங்கி இன்றைக்குச் செருகினாலும் ஓடும். 1989-ல் அமெரிக்காவில் கேம் பாயுடன் சேர்த்து விற்ற டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜும் ஓடும். அதற்கு எந்த சர்வரின் தயவும் தேவையில்லை.

கண்ணுக்குத் தெரியும் காரணமே இல்லாமல் ஒரு கேமைச் சந்தையிலிருந்து இழுத்துக்கொண்டவர்களும் இவர்கள்தான். மூன்று பழைய மரியோ கேம்களைத் தொகுத்த சூப்பர் மரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ் 2020 செப்டம்பரில் வந்தது. 2021 மார்ச் 31-க்குப் பிறகு டிஜிட்டல் விற்பனை கிடையாது, பெட்டியும் புதிதாக அனுப்பமாட்டோம் என்று அறிவித்து, அப்படியே செய்தார்கள். அதே நாளில் சூப்பர் மரியோ பிரதர்ஸ் 35 என்ற ஆன்லைன் கேமையும் அணைத்தார்கள். கெடு முடிந்த பிறகும் அந்த மரியோ தொகுப்பை ஆட முடிந்தவர்களில், பெட்டியாக வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அதை அடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமை மிஞ்சியது. அந்தக் கடைசிப் பிடியைத்தான் கேம்-கீ கார்டு இப்போது தளர்த்துகிறது.

கார்டு விஷயத்தில் இந்தத் தலைமையகம் சறுக்குவது முதல்முறையும் அல்ல. 1996-ல் போட்டியாளர்கள் சிடிக்கு மாறிவிட்ட காலத்தில், நிண்டெண்டோ 64-க்குக் கார்ட்ரிட்ஜ்தான் என்று பிடிவாதம் பிடித்தார்கள். விலை அதிகம், இடம் குறைவு. விளைவாக ஃபைனல் ஃபேண்டஸி 7 என்ற கேம் சோனியின் பிளேஸ்டேஷனுக்குப் போனது. 1997-ல் மூன்று சிடிகளில் வந்து அந்தக் கன்சோலின் தலையெழுத்தையே மாற்றியது. கார்ட்ரிட்ஜை விட வேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்தவர்கள், பிடித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் இப்போது விடுகிறார்கள். இடையில் கார்டைத் தாண்டியும் சறுக்கினார்கள். 2012-ல் வீ யு வந்தது. வீ 10 கோடிக்கும் மேல் விற்ற வீட்டில், அதன் வாரிசு விற்றது 1.356 கோடி மட்டுமே. அது புதுக் கன்சோலா, பழையதற்கு ஒரு துணைக் கருவியா என்றுகூட வாங்குபவர்களுக்குப் புரியவைக்க முடியாமல் நான்கு ஆண்டுகள் ஓட்டினார்கள். ஸ்விட்சின் கைப்பிடியான ஜாய்-கானில் குச்சி தேய்ந்து தானாக நகரும் கோளாறு வேறு. ஸ்விட்ச் வந்த 2017-லிருந்து குவிந்த புகார்களுக்கு, நிறுவனத்தின் தலைவர் பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தது 2020 ஜூனில். இவ்வளவுக்குப் பிறகும், அந்தத் தேய்மானத்தைத் தவிர்க்கக்கூடிய ஹால் எஃபெக்ட் குச்சியைப் புது கன்சோலில் சேர்க்கவில்லை என்று 2025 ஏப்ரலில் அவர்களே உறுதிசெய்தார்கள். 15 கோடி ஸ்விட்ச் விற்ற பிறகும் பாடம் படிக்காமல் இருப்பதைத் தெரியாமை என்று சொல்ல முடியாது. அலட்சியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இந்தப் பாதிப்புக்கு இன்னொரு முகம் உண்டு. நிண்டெண்டோ இங்கே அதிகாரப்பூர்வமாக ஸ்விட்ச் விற்பதில்லை. இந்தியாவுக்கென்று இணையக் கடையும் நடத்துவதில்லை. சென்னையில் ஸ்விட்ச் வேண்டுமென்றால் ரிச்சி தெரு, பர்மா பஜார் போன்ற இடங்களுக்கு இறக்குமதியாக வருவதைத்தான் நம்ப வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் கார்டுதான் எளிய வழி. வாங்கி, ஆடி முடித்து, கடையில் கொடுத்து, மேலே கொஞ்சம் பணம் போட்டு இன்னொன்றை எடுத்துவருவார்கள். தொண்ணூறுகளில் எட்டு பிட் வீடியோ கேம் 'கேசட்' தெருவுக்குத் தெரு கைமாறியதும் இப்படித்தான். செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி வாழும் வீட்டில், காசு கொடுத்து வாங்கிய கார்டைச் செருகிய பிறகும் ஐம்பது ஜிபி இறக்கக் காத்திரு என்பது என்ன நியாயம்? இந்த நிறுவனத்துக்குக் கடையே இல்லாத நாட்டுக்கும், கடையைச் சார்ந்தே ஓடும் கார்டுதான் வந்து சேரும்.

இழப்பு ரசிகர்களோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஆய்வு வெளியிட்டது. கார்ட்ரிட்ஜும் வட்டும் இருந்த காலத்துக்கே இந்த நிலைமை. எஞ்சியவற்றைக் காப்பாற்றித் தந்தவை பரண்களிலும் பழைய பொருள் கடைகளிலும் கிடந்த கார்ட்ரிட்ஜ்கள். முப்பது ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளரிடம் கீ கார்டு ஒன்று கிடைத்தால் அவர் அதிலிருந்து எதை எடுப்பார்? நூற்றுக்கணக்கானவர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய கேமின் ஒரு துணுக்குகூட அதில் இருக்காது.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கு மேலும் ஒரு செய்தி. 2025 மே மாதம் அமெரிக்காவுக்கான கணக்கு ஒப்பந்தத்தை நிண்டெண்டோ திருத்தியது. விதிகளை மீறியதாக அவர்கள் கருதினால், கணக்கை மட்டுமல்ல, கருவியையே நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாதபடி செய்யலாமாம். கேம் அவர்கள் சர்வரில், கருவியின் உயிர் அவர்கள் ஒப்பந்தத்தில். 449.99 டாலர் கொடுத்தவர் கையில் சொந்தமாக என்ன மிஞ்சும்? வாடகைக்கு விடுகிறோம் என்று நேராகச் சொல்லி, வாடகை விலை வைத்திருந்தால்கூட ஒரு நேர்மை இருந்திருக்கும். விற்பனை என்ற பெயரில், விற்பனை விலையில் இதைச் செய்வது வாடிக்கையாளரை ஏமாற்றுவதற்குச் சமம்.

கூச்சல் போட்டால் எதுவும் மாறாது என்பவர்கள் 2013-ஐ நினைத்துப் பார்க்கட்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அடிக்கடி இணையத்தில் இணைத்தே தீர வேண்டும், பழைய வட்டுகளின் மறுவிற்பனைக்குக் கட்டுப்பாடு என்று மே மாதம் தொடங்கிய மைக்ரோசாஃப்ட், ஜூன் 19-ல் இரண்டையும் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட நாட்களில் சோனி, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வட்டு போவதை மட்டும் காட்டும் சின்ன வீடியோ ஒன்றை வெளியிட்டு உலகத்தின் கைத்தட்டலை வாங்கியது. நிண்டெண்டோவும் வளைந்து கொடுக்காத நிறுவனம் அல்ல. 2011 பிப்ரவரியில் 25,000 யென்னுக்கு வந்த 3டிஎஸ் விற்காமல் கிடந்தபோது, ஆறே மாதத்தில் 15,000 யென்னாகக் குறைத்தார்கள். முன்னரே வாங்கியவர்களுக்கு இருபது பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். வருமானம் அடிபட்டால் இவர்களுக்குக் காது கேட்கும்.

எனவே ஏதாவது செய்தாக வேண்டும். டிஜிட்டல் கேம் உரிமமா, சொந்தப் பொருளா என்பதை வாங்கும்போதே சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மற்ற அரசுகளும் நுகர்வோர் அமைப்புகளும் பெட்டியில் விற்கும் கேம்களுக்கும் இதுபோன்ற வரம்பு ஒன்றை யோசிக்கட்டும். பதிப்பாளர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். கடைக்காரர்களும் காலி கார்டை முழுக் கார்டோடு ஒரே அலமாரியில் கலந்து வைக்காமல் இருக்கட்டும். கேம்களை முன்பதிவு செய்தவர்கள், தங்கள் பட்டியலில் எந்தெந்த கேம் கீ கார்டாக வருகிறது என்று பார்த்து, அவற்றை இப்போதே ரத்து செய்து, காரணத்தையும் எழுதி அனுப்பட்டும்.