மயில்துத்தத்துக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது?

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் போய், பழைய நாட்டு மருந்துக் கடை ஒன்றில் மயில்துத்தம் கேட்டுப் பாருங்கள். மயில் கழுத்தின் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பொட்டலம் கட்டித் தருவார்கள். சிலர் துருசு என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அதன் பெயர் காப்பர் சல்பேட். வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கும் காபித் தோட்டக்காரர்களுக்கும் இது பழக்கமான சரக்கு. சுண்ணாம்போடு கலந்து தெளித்தால் அதுதான் 'போர்டோ கலவை'. 1880களில் பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் பிறந்த மருந்து அது.

இந்த நீலக் கட்டியைப் பள்ளி ஆய்வகத்தில் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்குவார்கள். (விஷம் என்பதால் வீட்டுச் சமையலறையில் வேண்டாம்!) கொஞ்ச நேரத்தில் நீலம் மறைந்து வெள்ளைத் தூளாகிவிடும். குழாயின் வாயருகே நீர்த்துளிகள் அரும்பும். ஆறிய தூளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடியும் நீலம். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

தொட்டால் ஈரமே இல்லாத அந்தக் கட்டியில், 100 கிராமுக்கு 36 கிராம் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் உள்ளே எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது? இந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது.

21 பேரில் 10 பேர் காணவில்லை

1912இல் ஜெர்மனியின் முனிச் நகரில் மாக்ஸ் ஃபான் லாவே ஒரு யோசனை சொன்னார். படிகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தால், அதில் எக்ஸ்-ரேயைப் பாய்ச்சும்போது அது சிதறி, ஒழுங்கான புள்ளிக்கோலமாக விழ வேண்டும். ஃபிரீட்ரிக், நிப்பிங் என்ற இருவர் அதைச் செய்து பார்த்தார்கள். அவர்கள் முதன்முதலாக எடுத்து வைத்த படிகம் எது தெரியுமா? நம்ம மயில்துத்தம்தான்!

கோலம் விழுந்தது. புதுச்சேரியின் பழைய துறைமுகப் பாலத்துத் தூண்களுக்கு நடுவே அலை புகுந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு தூணில் மோதிச் சிதறிய அலையும் அடுத்த தூணில் மோதிச் சிதறிய அலையும் ஓரிடத்தில் சேர்ந்து உயரும், இன்னோர் இடத்தில் ஒன்றையொன்று அடக்கிவிடும். எங்கே உயர்கிறது, எங்கே அடங்குகிறது என்று அளந்தால், தூண்களைப் பார்க்காமலேயே அவற்றின் இடைவெளியைச் சொல்லிவிடலாம். பாடப்புத்தகம் இதை 'விளிம்பு விளைவு' என்கிறது.

1934இல் பீவர்ஸ், லிப்சன் என்ற இரு ஆங்கிலேயர்கள் இந்த முறையிலேயே மயில்துத்தத்தின் உள்கட்டமைப்பை வரைந்தார்கள். அதன் ஒரு மூலக்கூறில் ஐந்து தண்ணீர் உண்டு. நான்கு தண்ணீர்கள் செம்பு அணுவைச் சுற்றி நிற்கின்றன. ஐந்தாவது செம்பைத் தொடுவதே இல்லை, தனியாக நிற்கிறது என்று தெரிந்தது.

ஆனால் படத்தில் ஒரு குறை இருந்தது. மயில்துத்தத்தின் ஒரு மூலக்கூறில் மொத்தம் 21 அணுக்கள். அதில் 10 ஹைட்ரஜன். அந்தப் பத்தும் படத்தில் தெரியவில்லை.

காரணம், எக்ஸ்-ரே பார்ப்பது அணுவைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்களைத்தான். செம்புக்கு 29 எலெக்ட்ரான், கந்தகத்துக்கு 16, ஆக்சிஜனுக்கு 8. ஹைட்ரஜனுக்கோ ஒன்றே ஒன்று. கலங்கரை விளக்கம் பளீரென எரியும்போது பக்கத்தில் பறக்கும் மின்மினி கண்ணுக்குத் தெரியுமா? போதாக்குறைக்கு, அந்த ஒற்றை எலெக்ட்ரானையும் ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் எக்ஸ்-ரேயில் ஹைட்ரஜன் மங்கலாகத் தெரிந்தாலும், உண்மையான இடத்திலிருந்து தள்ளித்தான் தெரியும்.

கருவைத் தேடிப் போகும் நியூட்ரான்

நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது. அது எலெக்ட்ரான் கூட்டத்தைச் சட்டை செய்யாமல் உள்ளே நுழைந்து, அணுவின் கருவில் மோதித்தான் சிதறும். அங்கே பெரியவர், சிறியவர் என்ற வரிசையே மாறிவிடுகிறது. நியூட்ரானைச் சிதறடிப்பதில் ஹைட்ரஜன் கந்தகத்தை விடப் பலசாலி! அதிலும் ஒரு விசேஷம்: மற்ற அணுக்கள் வரைபடத்தில் மேடாகத் தெரிந்தால் ஹைட்ரஜன் பள்ளமாகத் தெரியும். மேடுகளுக்கு நடுவே பள்ளத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமா என்ன?

அணு உலையிலிருந்து நியூட்ரான்கள் வெளியே வரும்போது அசுர வேகத்தில் வரும். தண்ணீர் அல்லது கனநீருக்குள் மோதி மோதி, நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கும். அந்த வேகத்தில் நியூட்ரானின் அலைநீளமும் படிகத்தில் அணுக்களின் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அதைத்தான் குழாய் வழியாக வெளியே கொண்டுவந்து படிகத்தின் மேல் பாய்ச்சுகிறார்கள்.

1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் எர்னஸ்ட் வோலன், கிளிஃபர்ட் ஷல் இருவரும் இந்த வேலையைத் தொடங்கி வைத்தார்கள். பனிக்கட்டிக்குள் ஹைட்ரஜன் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதை நியூட்ரான் மூலம் காட்டியது அந்தக் குழுதான். ஷல்லுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1994இல். வோலன் 1984லேயே காலமாகிவிட்டார்.

மயில்துத்தத்தின் முறை வந்தது 1962இல். இங்கிலாந்தில் பேக்கன், கரி என்ற இருவர் அதன் பத்து ஹைட்ரஜன்களையும் நியூட்ரானால் இடம் கண்டு குறித்தார்கள். ஒவ்வொரு தண்ணீரும் தன் இரண்டு ஹைட்ரஜன் கைகளை எந்தப் பக்கம் நீட்டி, பக்கத்து ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது என்று தெளிவானது. தனியாக நின்ற ஐந்தாவது தண்ணீரும் இந்தக் கைப்பிடியால்தான் நிற்கிறது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததும் அதே 1962இல்தான்.

சென்னையில் பிறந்த படிகக்காரர்

அந்த ஆண்டுதான் மும்பை டிராம்பே அணுசக்தி நிலையத்தில் 25 வயது இளைஞர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். சென்னையில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பெயர் ஆர். சிதம்பரம்.

அந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது போக்ரான். 1974, 1998 இரண்டு அணுவெடிச் சோதனைகளிலும் முக்கியப் பங்கு வகித்தவர், அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்தவர். 2025 ஜனவரி 4 அன்று 88ஆம் வயதில் அவர் மறைந்தபோது செய்திகளில் முன்னால் நின்றதும் அந்தச் சோதனைகள்தான்.

ஆனால் அவர் விஞ்ஞானியாகப் பெயரெடுத்தது ஹைட்ரஜனைத் தேடி. டிராம்பேயில் 1960இல் இயங்கத் தொடங்கிய சைரஸ் உலையின் நியூட்ரான்களைக் கொண்டு, படிகத்துக்குள் தண்ணீர் எப்படி அமர்கிறது என்பதை அவரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். பொட்டாசியம் ஆக்சலேட் என்ற உப்பிலுள்ள தண்ணீரைப் பற்றிய அவர்களது கட்டுரை 1964இல் வெளியானது. பிறகு நம் உடம்பின் புரதங்களுக்குச் செங்கல்லாக இருக்கும் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் ஹைட்ரஜன்களை இடம் குறித்தார்கள். உலகப் படிகவியல் ஒன்றியத்தின் துணைத் தலைவர் பதவி சிதம்பரத்தைத் தேடி வந்தது.

இதற்குப் பொறுமை வேண்டும். எக்ஸ்-ரேக்கு மணல் துகள் அளவு படிகம் போதும். நியூட்ரானுக்குப் பல மில்லிமீட்டர் பருமனுள்ள படிகம் தேவைப்பட்டது. கரைசலை ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, நாள்கணக்கில் அது தானாக வளரக் காத்திருக்க வேண்டும். நியூட்ரான் கற்றை எக்ஸ்-ரேயை விட மிகவும் மெலிந்தது. அதனால் ஒவ்வொரு புள்ளியாக அளப்பதற்கும் நேரம் பிடிக்கும்.

ஹைட்ரஜன் தெரிந்து என்ன பயன்?

மாத்திரை விழுங்குகிறவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. மருந்து நம் உடம்பின் புரதத்தைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் கைப்பிடிகளால்தான். எய்ட்ஸ் கிருமியின் ஒரு நொதியோடு ஆம்ப்ரெனவிர் என்ற மருந்து எப்படி ஒட்டுகிறது என்று 2013இல் நியூட்ரானால் பார்த்தார்கள். எக்ஸ்-ரே படத்தை வைத்துப் பல பிடிகள் இருப்பதாக நினைத்திருந்தார்கள். உண்மையில் பலமான பிடிகள் இரண்டுதான் என்று தெரிந்தது. மற்ற இடங்களில் பிடியை இறுக்கினால் மருந்தை இன்னும் மேம்படுத்தலாம் அல்லவா?

அந்த ஆய்வுக்கு நியூட்ரான் தந்தது பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள லாவே-லாஞ்செவின் நிலையம். 1967இல் பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து நிறுவியது. பெயரில் உள்ள லாவே, 1912இல் மயில்துத்தத்துக்கு யோசனை சொன்ன அதே லாவேதான்.

புதுச்சேரிக்குப் பக்கத்திலும் ஒரு நியூட்ரான் ஊற்று உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி வடக்கே போனால் கல்பாக்கம். அங்கே 1996 முதல் இயங்கும் 'காமினி' சின்ன உலை, வெறும் 30 கிலோவாட். படிகம் அளக்கும் அளவுக்குச் சக்தி இல்லை. ஆனால் உலோக உறைக்குள் இருக்கும் வெடிமருந்தைத் திறக்காமலே படம் எடுத்துவிடும். ராக்கெட்டில் பொருத்தும் வெடிப்பாகங்களை இப்படித்தான் சோதித்துத் தருகிறார்கள். எக்ஸ்-ரேக்கு உலோகம் பளிச்சென்று தெரியும். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் நிறைந்த மருந்து நியூட்ரானுக்குத்தான் பளிச்சென்று தெரியும்.

கவலைப்பட வேண்டிய விஷயமும் உண்டு. சிதம்பரம் வேலை பார்த்த சைரஸ் 2010 கடைசி நாளில் நிறுத்தப்பட்டது. பிரான்சின் சாக்லே உலையும் பெர்லின் உலையும் 2019இல் மூடப்பட்டன. ஹைட்ரஜனைப் பார்க்கும் ஜன்னல்கள் உலகத்தில் குறைந்துகொண்டே வருகின்றன.

இந்தியாவில் திறந்திருக்கும் பெரிய ஜன்னல், 1985இல் இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட் 'துருவா'. அதன் நியூட்ரான்களைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பயன்படுத்த, யூஜிசி-டிஏஇ கூட்டமைப்பின் மும்பை மையம் வழி செய்து தருகிறது. காலாப்பட்டில் வேதியியல் படிக்கும் பெண்ணோ பையனோ தான் வளர்த்த படிகத்தைப் பொத்தி எடுத்துக்கொண்டு ரயில் ஏறலாம். முதலில் செய்ய வேண்டியது ஒரு கண்ணாடிக் குவளையில் கரைசலை ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் காத்திருப்பதுதான்.