பொழுது சாய்ந்த பிறகும் குழந்தை டாக்டர் வேண்டும்

மதுரை மாவட்டத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் வைத்தியத்துக்குக் குடும்பங்கள் கடன்படுவது குறித்து, மகளிர் குழுக்களோடும் அங்கன்வாடிகளோடும் வேலை செய்யும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. காப்பீட்டுத் தொகையை உயர்த்துவதால் இந்தக் கடன் குறையாது. வட்டாரத்துக்கு ஒரு இடத்திலாவது மாலை நேரத்தில் குழந்தைகளைப் பார்க்க அரசு டாக்டர் உட்கார்ந்தால் குறையும். அரசு அடுத்து ஒதுக்கும் பணம் அதற்குப் போகட்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நாங்கள் மதிக்கிறோம். 2009இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கிய இத்திட்டம், இன்று ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இதயக் கோளாறோடு பிறந்த பிள்ளைக்கு அது உயிர் கொடுக்கிறது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கிடைக்கும் பணம். சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதோ சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காதுவலி. டாக்டர் பீஸுக்கும் மருந்துக்கும் ஆட்டோவுக்கும் காப்பீட்டு அட்டை செல்லாது.

உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ, கதை ஒன்றுதான். பகலெல்லாம் பிள்ளை அப்பத்தாவிடம் இருக்கும். தாய் வேலை முடிந்து வந்து தொட்டுப் பார்க்கும்போது உடம்பு சுடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் செவிலியர் இருப்பார், பிரசவம் நடக்கும். டாக்டர் பிள்ளையைப் பார்ப்பது காலையில். காலையில் போனால் மருந்து இலவசம், கூலி போச்சு. 2025-26இல் நூறு நாள் வேலையின் கூலியே நாளைக்கு 336 ரூபாய். அதனால் முதலில் மெடிக்கலில் ஒரு சளி மருந்து. அடங்காவிட்டால் கைராசி டாக்டரிடம் டோக்கன். அதற்கும் மேல் டவுனில் தனியார் ஆஸ்பத்திரி. அதற்குக் குழுக் கடன், தோடு அடகு, வட்டிப் பணம். கையில் இருந்ததெல்லாம் கரைந்த பிறகே பெரியாஸ்பத்திரி. பிள்ளை அங்கே போய்ச் சேரும்போது நோயும் முற்றியிருக்கிறது, கடனும் ஏறியிருக்கிறது.

இதில் எங்களை மிகவும் பயமுறுத்துவது அந்த முதல் பாட்டில். குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் சொன்னது. கடையில் யார் வயதைக் கேட்கிறார்கள்? 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தே அந்தக் கதி.

தொக்கம் எடுக்கத் தூக்கிப் போகும் பாட்டிகளை நாங்கள் பழிக்க மாட்டோம். அந்த நேரத்தில் கூப்பிடு தூரத்தில் வேறு யாரும் இல்லை. ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் துவண்ட பிள்ளைக்கு உடனே வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும். இவை ஒவ்வொரு அங்கன்வாடியிலும் கிராம சுகாதார செவிலியரிடமும் எந்நாளும் இருப்பில் இருக்க வேண்டும்.

2023 ஜூனில் திறக்கத் தொடங்கிய நகர்ப்புற நலவாழ்வு மையங்களுக்கு மாலை 4 முதல் 8 வரை வேலை நேரம் வைத்தது அரசுதான். நகரத்துப் பிள்ளைக்கு நியாயமாகப் பட்டது பேரையூர்ப் பிள்ளைக்கு ஏன் படவில்லை? வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு 9 வரை குழந்தைகள் பிரிவு நடக்க வேண்டும். ஆள் போதாது என்றால், டவுனில் உள்ள குழந்தை மருத்துவர்களை முறை வைத்து, வந்து பார்க்கும் மாலைக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுத்து அழைக்கலாம்.

தனியார் கிளினிக்கிலும் காப்பீட்டு அட்டை செல்ல வேண்டும் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. தேவையில்லாத ஊசியும் டெஸ்டும் பெருகும். அரசு நிலையங்கள் வெறிச்சோடும்.

இருக்கும் உரிமையாவது தெரிய வேண்டும். ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, ரத்தம், போக வர வண்டி எல்லாமே இலவசம் என்பது மத்திய அரசின் திட்டம். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி 2021 முதல் அரசு நிலையங்களில் இலவசம். தனியாரிடம் இதே ஊசிக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது. பிரசவ வார்டிலேயே தாயிடம் இந்த உரிமைகளைச் சொல்லி அனுப்புங்கள்.

எங்கள் குழுக்கள் இனிக் குழந்தை வைத்தியத்துக்கு வாங்கும் கடனைத் தனிப் பேரேட்டில் எழுதும். வட்டாரம் வாரியாக அந்தக் கணக்கை மாவட்ட ஆட்சியரிடமும் சுகாதாரத் துறையிடமும் கொடுப்போம்.