தொழுநோயாளரின் பாதத்தைப் பார்ப்பது யார்?

தொழுநோய் என்றதும் எமது பக்கத்து மூத்தவர்களுக்கு மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் மாந்தீவுதான் ஞாபகத்துக்கு வரும். நோயாளரைக் குடும்பத்திலிருந்து பிரித்து ஒதுக்கி வைத்த காலத்தின் பெயர் அது. 1901 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அவ்வொதுக்கலுக்கு இடமளித்தது. ஒல்லாந்தரோ 1708 இலேயே ஹெந்தளையில் இதற்கென ஓரிடத்தை அமைத்துவிட்டனர்.

1983 இல் கூட்டு மருந்துச் சிகிச்சை இலங்கைக்கு வந்ததன் பின்னர் இவையெல்லாம் அவசியமற்றுப் போயின. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைகளைத் தவறாது உட்கொண்டால் நோய் குணமாகும். ஆயினும் நோய் நாட்டை விட்டுப் போய்விடவில்லை. கிழக்கில் இன்றும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர்.

என்னை உறுத்துவது வேறொரு விடயம். மருந்து கிருமியைக் கொல்கிறது. மரத்துப்போன நரம்புக்கு உணர்ச்சியை எல்லோருக்கும் மீட்டுத் தருவதில்லை. வரிப்பத்தான்சேனையில் வெறுங்காலோடு வயலில் இறங்கும் விவசாயி ஒருவரை எண்ணிப் பாருங்கள். சேற்றுக்குள் கிடக்கும் சிப்பியோட்டில் கால் கிழிந்தாலும் அவருக்கு வலிக்காது. வலிக்காததால் வேலையை நிறுத்தமாட்டார். புண் எலும்புவரை போன பின்னர்தான் வீட்டார் நாற்றத்தால் அறிவார்கள். அடுப்படியில் சூட்டுச் சட்டியைப் பிடிக்கும் பெண்ணின் விரல்களுக்கும் இதே கதிதான். நோயே விரலை அழுகி விழச் செய்கிறது என்று ஊரார் நம்பினார்கள். பராமரிக்கப்படாத காயங்களே காரணம் என்பதை, 1946 இல் வேலூருக்கு வந்த டொக்டர் போல் பிராண்ட் தமது நோயாளரிடம் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார்.

இதற்கான பராமரிப்புக்குப் பெரிய செலவில்லை. நாளாந்தம் இருபது நிமிடம் சாதாரண நீரில் பாதத்தை ஊறவைத்து, தடித்த தோலைக் கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் பூச வேண்டும். புண் வந்தால் மூடிக் கட்டி, அந்தக் காலை ஊன்றாமல் ஓய்வு கொடுக்க வேண்டும். (வயல் வேலைக் காலத்தில் இந்தக் கடைசி விடயம்தான் மிகக் கஷ்டம்.) இவற்றைச் சொல்லித்தர வேண்டியவர் தாதி. ஆனால் நான் பார்த்த தோல்நோய் கிளினிக்குகளில் சன நெரிசலில் மாத்திரையும் களிம்பும் கைமாறுகின்றன. பாதத்தை எவரும் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு தோல்நோய் கிளினிக்கிலும் இதற்கென ஒரு தாதியை அமர்த்த வேண்டும் என்பதே எனது கோரிக்கை. உணர்ச்சியைச் சோதிக்க அவருக்கு ஒரு குமிழ்முனைப் பேனா போதும். ஐவேளை வுழூச் செய்யும் மனிதரிடம், "கால் கழுவும்போது அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் கண்ணால் பாருங்கள் வாப்பா" என்று அவர் சொன்னால், அது சுவரொட்டிகளைவிட நன்றாகப் பதியும். இன்னொன்றும் உண்டு. சிகிச்சை பெறுபவரைத் தொடுவதால் நோய் தொற்றாது. தாதி அச்சமின்றி அந்தப் பாதத்தைக் கையில் ஏந்துவதைக் கூடவந்த மகன் பார்த்துவிட்டால், வீட்டில் தனிக் கோப்பை வைக்கும் வழக்கம் கொஞ்சமாவது குறையும்.

சிகிச்சை முடித்தவர்களின் பெயர்களைப் பதிவேட்டோடு மூடிவிடாமல், பெரும்போக விதைப்புக்கு முன்னர் அவர்களை ஒருதடவை அழைத்துப் பாதங்களைப் பரிசோதிக்கட்டும். இந்த வருடமே தொடங்கலாம்.