தமயந்தி அனுப்பிய தேர்

திருநள்ளாற்றுக்குச் செல்லும் அன்பர்கள் நளதீர்த்தத்தில் நீராடி, தர்ப்பாரண்யேசுவரரையும் சனீஸ்வர பகவானையும் வழிபட்டு மீள்கின்றனர். நளன் சனியின் பிடியில் துன்புற்றது எல்லோரும் அறிந்த செய்தி. அவன் நாடிழந்தது சூதாட்டத்தால் என்பதை நினைந்து பார்ப்போர் சிலரே. சூதில் அனைத்தையும் இழந்து வனத்தில் கலங்கியிருந்த தருமபுத்திரருக்குப் பிருகதசுவ முனிவர் உரைத்த வரலாறு அது.

நளனைப் பற்றுவதற்குக் கலிபுருஷன் 12 ஆண்டுகள் காத்திருந்ததாக வியாச பாரதம் கூறுகிறது. ஒருநாள் கால் கழுவாமல் சந்தி செய்த சிறு பிழையே அவனுக்கு வாயிலாயிற்று. புட்கரனோடு தொடங்கிய ஆட்டம் பல மாதங்கள் நீண்டது. அமைச்சரும் குடிமக்களும் அரண்மனை வாயிலில் வந்து நின்றும் நளன் செவிசாய்க்கவில்லை. கணவனைத் தடுக்க இயலாது எனத் தெளிந்த தமயந்தி, தேரோட்டி வார்ஷ்ணேயனை வரவழைத்தாள். இந்திரசேனன், இந்திரசேனை என்னும் இரு மக்களையும் தேரேற்றி, விதர்ப்ப நாட்டிலிருந்த தன் தந்தையிடம் அனுப்பினாள். நாடு முற்றும் பறிபோவதற்கு முன்பே இது நிகழ்ந்தது. தாத்தாவின் இல்லமே அம்மக்களுக்குக் காவலாயிற்று.

இன்றோ ஆட்டம் தாத்தாவின் இல்லத்திலேயே, பல வேளைகளில் அவருடைய கைப்பேசியிலேயே நடைபெறுகிறது. சிறுவர் விளையாட்டுகளிலேயே, உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமல் பணம் கட்டித் திறக்கும் பெட்டிகள் உள்ளன. பணம் வைத்தாடும் செயலிகளோ முதலில் இலவசத் தொகை தந்து அழைக்கின்றன. சிறு வெற்றி ஒன்று கிட்டும். பின்னர் இழப்பு, இழந்ததை மீட்க மற்றுமோர் ஆட்டம். நூலிழையில் தோற்றதாகத் தோன்றும் ஒவ்வொரு தோல்வியும் மீண்டும் ஆடத் தூண்டுகிறது. இளம்பருவத்தினருக்கு இத்தூண்டுதலை அடக்கும் முதிர்ச்சி இன்னும் வந்திருப்பதில்லை.

இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை நாடெங்கும் விலக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றியது. சட்டம் நன்றே. ஆயினும் அயல்நாட்டுத் தளங்களும் கிரிக்கெட் பந்தயமும் மறைவழிகளைத் தேடிக்கொண்டேயிருக்கின்றன.

ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கைக் கைப்பேசிப் பரிவர்த்தனையோடு இணைத்துவிட்டு, ரகசிய எண்ணைப் பேரனிடமே ஒப்படைத்திருக்கும் பெரியோர் பலர். அன்பினால் செய்வதுதான், எனினும் அந்த எண் பெரியவரிடம் மட்டுமே இருத்தல் நலம். மாதந்தோறும் கணக்கு விவரத்தைப் பார்க்கும் வழக்கமும் வேண்டும். பிள்ளை இரவில் உறங்காமை, கைப்பேசியை மறைத்தல், சிறு சிறு தொகைகள் காணாமற்போதல், காரணமின்றிச் சினத்தல் ஆகியவை கவனிக்கத்தக்கவை. இவற்றைக் கண்டதும் ஜாதகத்தை எடுப்போர் உண்டு. பரிகாரம் செய்வதில் பிழையில்லை. ரகசிய எண்ணையும் அன்றே மாற்றிவிட வேண்டும்.

கடன் வெளிப்படும் நாளில் ஊரறிய ஏசுவது பெருந்தீங்கு. அவமானத்தால் உயிரையே மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. தொகையைக் கமுக்கமாக அடைத்துவிட்டு மறந்துவிடுவதும் உதவாது. அடுத்த ஆட்டத்துக்கு அதுவே முதலாகிவிடும். பெற்றோரையும் உடன் அமர்த்திப் பேசி, மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். அரசின் மனநல உதவி எண் 14416-இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

நளனும் சூதாடித்தானே நாட்டை மீட்டான் என்று ஒரு பேரன் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. இருதுபன்னனிடம் காய்களின் மறைபொருளைக் கற்று, கலி நீங்கிய பிறகு நளன் ஒரே ஒரு முறை உருட்டினான். கைப்பேசி ஆட்டத்திலோ அந்த மறைபொருள் செயலியை நடத்துவோரிடமே இருக்கிறது. நளன் வென்றதும் புட்கரனை மன்னித்து அனுப்பினான். அதன் பின்னரே தமயந்தி மக்களை அழைத்துக்கொண்டு நிடத நாடு திரும்பினாள்.