கேரியர் முதலில், பை அப்புறம்

சனி, ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர். மாமல்லபுரத்தோடு திரும்புகிறவர்களும் உண்டு, விடாமல் போகிறவர்களும் உண்டு. மரக்காணம் உப்பளம் வரை வந்து சேருகிறவர்களைக் கவனித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய கியர் சைக்கிள்... சாமான் மொத்தமும் முதுகில்! நிழலே இல்லாத அந்தச் சாலையில் முதுகு நனைந்து, தோள்பட்டை இறுகிப்போய் மிதிப்பார்கள். அவர்களைத் தாண்டி ஒரு உள்ளூர்ப் பெரியவர், பழைய கறுப்பு சைக்கிளில், பின்னால் ஒரு மூட்டையைப் பழைய டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

சுமை விஷயத்தில் கெட்டிக்காரர் அந்தப் பெரியவர்தான்.

அந்தக் கறுப்பு சைக்கிள் சுமை தூக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பெடலுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே தாராளமான இடைவெளி. கேரியரின் கால்கள் பின்சக்கர அச்சின் நட்டிலேயே மாட்டப்பட்டிருக்கும். அதனால் மூட்டையின் கனம் நேராக அச்சுக்கு இறங்கிவிடுகிறது. 2001-2002ல் மாணவியருக்கென்று தொடங்கி, பிறகு மாணவர்களுக்கும் விரிவான அரசின் இலவச சைக்கிளிலும் கேரியர் உண்டு. வேடிக்கை என்னவென்றால், சைக்கிள் கைக்கு வந்ததும் பையன்கள் சிலர் முதலில் கழற்றுவது அதைத்தான். கேட்டால் 'பால்காரர் வண்டி மாதிரி இருக்கு' என்பார்கள். அப்புறம் புத்தகப் பை ஹேண்டில்பாரில் தொங்கும். வளைவில் அது ஒரு பக்கம் ஆட, சைக்கிள் இன்னொரு பக்கம் போகும்.

கியர் சைக்கிள் வாங்குகிறவர்களிடம் இருப்பதும் இதே கூச்சம்தான். கேரியர் ஒரு கிலோ கூடக் கனக்காது பெரும்பாலும். ஆனாலும் கடையில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்து நீண்ட பயணம் ஒன்றுக்கு ஆசை வரும். உடனே இணையத்தில் அழகான பன்னியர் பையாகப் பார்த்து வாங்கிவிடுவார்கள். பன்னியர் என்றால் கேரியரின் இரு பக்கமும் கொக்கியில் தொங்கும் பை. ரொட்டிக் கூடையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். பை வந்த பிறகுதான் மாட்ட இடம் இல்லை என்பது தெரியும்!

முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேம். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்திலும், சீட்டுக்குக் கீழே இறங்கும் இரண்டு குழாய்களிலும் கேரியருக்கான திருகுத் துளை இருக்கிறதா? பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் போல்ட் போகும் அளவில் இருக்கும். இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் உள்ளே ரப்பர் வைத்த வளையக் கிளாம்ப்பைக் குழாயில் மாட்டி அதில் கேரியரைப் பொருத்தலாம். கார்பன் ஃபிரேமில் அந்த வேலை வேண்டாம், குழாய் நசுங்கும். சீட் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும் கேரியரும் கடையில் கிடைக்கிறது. ஒரு மழைக்கோட்டும் மாற்று டியூபும் வைக்க அது போதும். பக்கவாட்டில் பை தொங்கவிட்டால் மெல்லத் திரும்பி, பை சக்கரத்தை உரச ஆரம்பிக்கும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் இன்னொரு தொல்லை. பிரேக்கின் பிடிப்பான் கேரியரின் கால் வரும் இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கலாம். அதற்கேற்றபடி கால் விலகிய கேரியராக வாங்க வேண்டும்.

அடுத்தது குதிகால். கறுப்பு சைக்கிளில் இந்தப் பிரச்சினை இல்லை. புதிய சைக்கிள்களில் பின்சக்கரம் பெடலுக்கு நெருக்கமாக இருப்பதால், ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கும். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை மிதி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்! பையைப் பின்னுக்குத் தள்ளி மாட்ட நீளமான கேரியர் வேண்டும், அல்லது முன்பக்கக் கீழ் மூலை சரிவாக வெட்டிய பை வேண்டும். கடையிலேயே மாட்டி, சீட்டில் உட்கார்ந்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பையின் கொக்கியும் கேரியரின் கம்பியும் பொருந்துவது கடைசி. கொக்கிகள் உருண்டைக் கம்பிக்குச் செய்யப்பட்டவை. தட்டைப் பட்டையில் செய்த நம்மூர்க் கேரியரில் அவை உட்காராது. கம்பி மெலிதாக இருந்தால் கொக்கி லொடலொடவென்று ஆடும். கீழே ஒரு கொக்கியும் பிடிக்க வேண்டும். அது பிடிக்காமல், பள்ளத்தில் குதித்த பை ஸ்போக்ஸுக்குள் போனால் சக்கரம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பின்னால் புதுச்சேரி பஸ் வந்துகொண்டிருக்கும் சாலை அது.

இந்தக் கரையில் சுமை கட்டும் ஞானம் புதிதும் அல்ல. சங்க கால உப்பு வணிகர்களான உமணர்கள், மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருந்ததைப் புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் கழுதை முதுகின் இரு பக்கமும் ஒத்த கனமாக மிளகு மூட்டை வருகிறது. அது பன்னியர் இல்லாமல் வேறென்ன? சைக்கிளிலும் இரண்டு பக்கமும் சம கனம், கனமானது அடியில். அதே கணக்கு.

மரக்காணம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு எதிரி உப்புக் காற்று. சுத்திகரிக்காத கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் ஒட்டிய உப்பு காய்வதே இல்லை. இரும்புக் கேரியரில் கொக்கி உரசிப் பெயின்ட் போகும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். அங்கே பழைய டியூபை வெட்டிச் சுற்றிவிட்டால் போதும். அலுமினியம் நல்லதுதான், ஆனால் அதில் போகும் இரும்பு போல்ட் உப்பில் இறுகி, கழற்றும்போது தலை முறியும். மாட்டும்போதே மரையில் கிரீஸ் தடவ வேண்டும். வீடு திரும்பியதும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்து, போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும்.