பெயின்ற் அடிக்க முதல் ஒருக்கால் துடைச்சுப் பாருங்கோ

"நிறம் செத்துப்போச்சு தம்பியவை. முழுக்க உரிச்சுப்போட்டுப் புதுசா அடிக்கிறதுதான் வழி."

கிளிநொச்சியில் ஒரு கராஜுக்கு எங்கள் நண்பனின் அம்மப்பாவுடைய காரைக் கொண்டுபோனபோது பெயின்ற் பாஸ் சொன்னது இது. கார் ஒஸ்ரின் ஏ40 சோமசெற். இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரை செய்த வகை. பொனட்டில் கையை வைத்தால் உள்ளங்கை முழுக்கப் பச்சைத் தூள். கூரை சாம்பல் பூத்துக் கிடந்தது. நண்பனின் தங்கச்சிக்குக் கலியாணம் வருகுது. கனடாவில் இருக்கிற மாமா காசு அனுப்பத் தயார், அவர் கேட்டது பளபளக்கிற கறுப்பு. எல்லாருக்கும் சந்தோசம். அம்மம்மா மட்டும் ஒண்டும் கதைக்கவில்லை.

நாங்கள் அந்தக் காருக்குக் கறுப்பு அடிக்க விடவில்லை. ஏன் எண்டு சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், மங்கல் எண்டால் என்ன? பெயின்றில் நிறத்தூளும் அதைப் பிடித்து வைத்திருக்கிற பிசினும் இருக்கு. வருசக்கணக்காக வெய்யிலும் காற்றும் படப்பட மேலே இருக்கிற பிசின் சிதைகிறது. பிடி விட்டுப்போன நிறத்தூள்தான் கையில் ஒட்டுகிறது. வன்னி வெய்யிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சிதைவது மேற்படை மட்டும்தான். அதுக்குக் கீழே நிறம் அப்படியே இருக்கலாம். சிலர் தேங்காயெண்ணெயோ டீசலோ பூசிப் பளபளப்பாக்குவினம். அது இரண்டு நாளைக்குத்தான், பிறகு செம்புழுதியெல்லாம் அதிலை வந்து ஒட்டும்.

பழைய கார்களுக்கு நிறமும் பளபளப்பும் ஒரே பெயின்றில்தான். 1980கள், 90களுக்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு 'கிளியர் கோட்' இருக்கும். எது எண்டு கண்டுபிடிக்கிறது சுகம். மறைவான இடத்தில் கொஞ்சம் கொம்பவுண்ட் வைத்து வெள்ளைத் துணியால் தேயுங்கோ. துணியில் காரின் நிறம் வந்தால் பழைய வகை, மீட்கலாம். கிளியர் கோட் செதில் செதிலாகக் கழன்றுவிட்டால் எவ்வளவு தேய்ச்சாலும் மீளாது, அடிக்கத்தான் வேணும்.

நாங்கள் பூட் கதவின் கீழ்மூலையில் உள்ளங்கை அளவு தேய்த்தோம். துணி பச்சையானது. ஐந்து நிமிசத்தில் அந்த இடத்தில் ஒரு இளம்பச்சை தெரிந்தது. நண்பன் அந்த நிறத்தை அதுவரை கண்டதே இல்லை. அவனுக்குத் தெரிந்த கார் சாம்பல் நிறம்.

அந்தப் பச்சை இங்கிலாந்தில் அடித்ததில்லை. 1970களில் அம்மப்பா காரை வாங்கினபிறகு தன் விருப்பத்துக்கு அடிப்பித்தது. தடைக்காலத்தில் பெற்றோல் இல்லை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய வடக்குக் கார்களில் இதுவும் ஒண்டு. 2006இல் கியர்பொக்ஸ் வேலைக்கு வவுனியாவுக்குப் போன இடத்தில், ஓகஸ்டில் ஏ9 பாதை மூடுப்பட்டது. கார் உறவுக்காரர் வீட்டு மாமரத்துக்குக் கீழே நின்றுவிட்டது. குடும்பம் மற்றப்பக்கம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனவர்களிடம், 2009இல் முகாமுக்கு வந்தபோது ஒரு படம்கூட இல்லை. வீடும் இல்லை. அம்மப்பாவும் இல்லை. அந்த வீட்டுக் காலத்துப் பொருளாய் மிஞ்சியது பழுதாகிப்போய் வெளியில் நின்ற இந்தக் கார் மட்டும்.

கலைப்பீடத்தில் முதல்நிலை ஆதாரம், இரண்டாம்நிலை ஆதாரம் எண்டு பக்கம் பக்கமாக எழுதிச் சோதனை பாஸ் பண்ணுகிறோம். அதையே உரித்து எறியச் சொல்லிக் கராஜில் கொண்டுபோய் விட்டதும் நாங்கள்தான்.

உலகப் பழைய வாகனச் சம்மேளனமான பீவா 2012இல் 'ரியூரின் சாசனம்' எண்ட ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது. புதுப்பிப்பதைவிடப் பேணுவது மேல், பாவித்த காலத்தின் தடயங்களும் அந்த வாகனத்தின் வரலாறே என்பது அதன் சாரம். கோடிக்கணக்கில் விலைபோகும் கார்களுக்கு உள்ள மரியாதை மாமரத்துக்குக் கீழே நின்ற காருக்கு ஏன் இல்லை?

"பழசைக் கட்டிப்பிடிச்சு அழுறதை விடுங்கோ" எண்டு சொல்லுகிறவர்களும் இருக்கினம். அவர்களின் பேச்சில் நியாயம் இருக்கு. எங்கள் ஊரில் இதுக்கு இரண்டு விதமான பதிலைப் பார்த்திருக்கிறோம். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணம் பொது நூலகத்தைத் திருத்தி வெள்ளை அடித்தார்கள். எரிந்ததை அடையாளமாக விடவேணும் எண்டு கேட்டவர்களும் இருந்தார்கள், ஆனால் இண்டைக்குப் போகிற ஒரு பிள்ளைக்கு எரிந்த தடம் கண்ணில் படாது. கிளிநொச்சியில் விழுந்த தண்ணித்தாங்கியை யுத்தம் முடிந்தபிறகு விழுந்தபடியே வைத்து, அறிவிப்புப் பலகை போட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்டினார்கள். ஒண்டு முழுக்க மூடினது, மற்றது சிதைவையே காட்சியாக்கினது. இரண்டிலும் அந்த மண்ணில் வாழ்ந்த சனத்திடம் "உங்களுக்கு எப்படி வேணும்?" எண்டு ஒழுங்காகக் கேட்டதாக எங்களுக்குத் தெரியவில்லை.

தேய்க்கிறது மூன்றாவது வழி. செத்த படையை மட்டும் எடுக்கிறோம், மிச்சத்தைப் பாவிக்கிறோம். அதனால் நாங்கள் அம்மம்மாவிடம் கேட்டோம். "அந்த மனுசன் அடிச்ச நிறம் இருக்கட்டும்" எண்டா. மாமாவும் போனில் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஓம் எண்டார்.

நாலு பேருக்கு மூன்று நாள் வேலை. நல்லாய்க் கழுவி, நிழலில் நிறுத்தி, மோசமான இடங்களில் மட்டும் 2000ஆம் நம்பர் வோட்டர் பேப்பரால் தண்ணி ஊற்றித் தேய்த்தோம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும், காய்ந்தபடி தேய்ச்சுத் தூளை மூக்கில் இழுக்கக்கூடாது. பிறகு கொம்பவுண்ட், பிறகு பொலிஷ், கடைசியாக வக்ஸ். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் நிறமும் கொஞ்சம் போகும், ஆகவே இதை வருசா வருசம் செய்ய ஏலாது. வக்ஸைத்தான் தொடர்ந்து பூசவேணும். விளிம்புகளில் பெயின்ற் மெல்லிசு. எங்களில் ஒருத்தர் அவசரப்பட்டு இடது மட்கார்ட் விளிம்பில் உள்பூச்சு தெரியத் தேய்ச்சுப்போட்டார். அந்தத் தழும்பு இப்ப எங்கட கணக்கு.

எல்லாத்தையும் தேய்த்து மீட்கலாம் எண்டு சொல்ல வரவில்லை. வலது கதவின் அடியில் துரு தகரத்தைத் தின்றிருந்தது. அதை வெட்டி, ஒட்டி, அந்தத் துண்டுக்கு மட்டும் அதே பச்சையைக் கலந்து அடித்தவர் முதலில் சொன்ன அதே பாஸ்தான். துருவுக்கு மேலே பொலிஷ் போடுறது ஏமாற்று. துருவுக்கு மேலே பட்டி பூசிப் புதுப் பெயின்ற் அடிக்கிறது அதைவிடப் பெரிய ஏமாற்று. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வாகனங்களின் விலை ஏற, இப்படி மினுக்கி விற்றவர்களை நீங்களும் கண்டிருப்பீங்கள்.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் அம்மம்மா வந்து காரின் கதவைத் தடவினா. கனநேரம் நின்றா. "எங்கட வீட்டுக் கேற்றும் இந்த நிறந்தான்" எண்டா.

கேற்று இருந்ததே நண்பனுக்கு அப்பதான் தெரியும். பிறகு கேற்றுக்குப் பக்கத்தில் என்ன மரம் நின்றது, கிணறு எந்தப் பக்கம், அம்மப்பா காரை எந்த இடத்தில் விடுவார் எண்டு ஒவ்வொண்டாய்ச் சொன்னா. கறுப்பு அடித்திருந்தால் கார் நல்ல வடிவாய்த்தான் இருந்திருக்கும். இந்தக் கதை வந்திருக்காது.

உங்கட வீட்டிலும் ஏதோ ஒண்டு மங்கிப்போய் நிற்கும். காராய் இருக்கலாம், சைக்கிளாய் இருக்கலாம், ஒரு தகரப்பெட்டியாய் இருக்கலாம். கராஜுக்குக் கொண்டுபோக முதல் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, மறைவான மூலையில் உள்ளங்கை அளவு தேய்ச்சுப் பாருங்கோ. என்ன நிறம் வருகுது எண்டு வீட்டில் மூத்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. அதுக்குப் பிறகு முடிவெடுங்கோ.