மிதி, பிடி, விடு

"தன் கையே தனக்கு உதவி" என்று முதன்முதலில் சொல்லி வைத்த புண்ணியவான் யாராயிருந்தாலும், அவர் வீட்டு வாசலில் மோட்டார் கார் நின்றிருக்க நியாயமில்லை. நின்றிருந்தால், அந்தப் பழமொழிக்கு இரண்டொரு விதிவிலக்குகளையும் சேர்த்தே சொல்லியிருப்பார். அவ்விதிவிலக்குகளுள் ஒன்றைச் சென்ற ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், விக்கிரவாண்டிச் சுங்கச் சாவடிக்கு முன்னால் நாம் கற்றுக்கொண்டோம். கற்ற விதத்தை நேயர்களிடம் மறைப்பது தர்மமன்று.

திண்டிவனத்தில் நமது இல்லத்தில் ஒரு பழைய அம்பாஸடர் கார் உண்டு. இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரின் அச்சை வாங்கிவந்து, வங்காளத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார் கம்பெனியார் செய்த வண்டி அது. 2014-ஆம் வருஷம் மே மாதத்தில் அந்தத் தொழிற்சாலையில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆயினும் நம் வண்டி நிற்கவில்லை. அதாவது, முழுவதும் நிற்கவில்லை. இத்தனை காலம் அதைப் பராமரித்து வந்தவர் நம் தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர். கார்புரேட்டர் வண்டிகள் ஒவ்வொன்றாய் மறைந்ததும், பாய் பட்டறையை மூடிவிட்டார். அவருடைய புதல்வர்கள் அதே இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். "இனிமே நீங்களே பார்த்துக்கங்க சார், ஒண்ணும் பிரமாதமில்லை" என்று பாய் விடைகொடுத்ததை நாம் ஆசீர்வாதமென்று எடுத்துக்கொண்டோம். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பென்ஷன் வாங்குகிற மனிதனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. மேலும், நம் தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரியும் இருக்கிறதல்லவா? கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைத் துண்டு துண்டாகக் கழற்றித் திரும்பப் பூட்டியே யந்திர வித்தையைப் பயின்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை விட்டவர், பிற்பாடு பெரிய தொழில்களுக்கே அதிபதியானார். இதை நாம் நம் இல்லத்து அம்மாளிடம் எடுத்துரைத்தபோது, "அவர் திரும்பப் பூட்டவும் செய்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

முதல் தோல்வி பாட்டரியில் வந்தது. அதன் முனைகளில் வெள்ளையும் நீலமுமாய் ஏதோ பூத்திருந்தது. திந்திரிணி வனம் என்பதே திண்டிவனம் ஆயிற்று என்று நம் ஊர்ப் பெரியோர் சொல்வதுண்டு. திந்திரிணி என்றால் புளி. புளிக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு, குத்துவிளக்கைத் துலக்குகிற புளியால் பாட்டரியைத் துலக்காவிட்டால் எப்படி? தாராளமாய்த் தேய்த்தோம். அந்தப் பூப்பு பாட்டரியின் கந்தக அமிலத்தால் உண்டாவது. புளிப்பை மாற்றப் புளிப்பையே தடவினால் என்ன லாபம்? ஆப்பத்துக்குப் போடும் சோடாவைச் சுடுநீரில் கரைத்து ஊற்றியிருந்தால் நுரைத்துக்கொண்டு போயிருக்கும். பிறகு அப்படித்தான் போயிற்று. இதில் நஷ்டம் கால் வீசைப் புளியோடு நின்றது.

ஸ்பானர் விஷயம் அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. திண்டிவனத்தில் நாம் வாங்கிய பெட்டியில் இருந்தவை எல்லாம் மில்லிமீட்டர் ஸ்பானர்கள். இந்தியா 1950-களின் இறுதியிலேயே மெட்ரிக் அளவைக்கு மாறிவிட்டது. நம் கார் மாறவில்லை. பாட்டனார் மாரிஸ் ஆக்ஸ்போர்டின் அங்குலக் கணக்கிலேயே அதன் நட்டுகள் இருந்தன. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 12 நம்பர் ஸ்பானர் உள்ளே நுழைய மறுக்கிறது. 13 நுழைந்து ஆடுகிறது. பதினாறில் ஏழு பங்கு அங்குலமென்றால் 11.11; அங்கே 11 நம்பர் வாசலிலேயே நின்றுவிடுகிறது, 12 நம்பர் உள்ளே உலாவுகிறது. பதினாறில் ஒன்பது பங்கு 14.29, அதற்கு 14-ம் ஆகாது, 15-ம் உதவாது. முக்கால் அங்குலம் மாத்திரம் 19.05 ஆனபடியால் 19 நம்பரோடு ஒருவாறு சமாதானமாய்ப் போகிறது. இந்தப் பின்னக் கணக்கெல்லாம் அப்பொழுது நமக்குத் தெரியாது. ஆடுகிற ஸ்பானரைப் போட்டுப் பலங்கொண்ட மட்டும் திருகினோம். நட்டின் ஆறு முனைகளும் மழுங்கி, அது உருண்டையாகிவிட்டது. உருண்டையான நட்டைக் கழற்ற உலகில் ஸ்பானர் கிடையாது. உளியும் சுத்தியும்தான் கதி.

அங்குல ஸ்பானர் விழுப்புரத்தில் கிடைக்குமென்று யாரோ சொன்னார்கள். காரைப் பழுதுபார்க்கச் சாமான் வாங்க ரயிலேறிப் போகிறோமே என்ற வெட்கத்துடன், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டு போனோம். பழைய இரும்புச் சாமான் கடையில், துருவேறிய குவியலுக்குள்ளிருந்து கடைக்காரர் ஆறு ஸ்பானர்களைப் பொறுக்கி எடுத்துத் தந்தார். புதுப் பெட்டி முழுவதும் செய்யாத வேலையை அந்த ஆறும் செய்தன.

பிறகு என்ஜின் எண்ணெய் மாற்றினோம். இது மெய்யாகவே வீட்டில் செய்யக்கூடிய காரியம். செய்தும் விட்டோம். ஆனால் கசிந்துவிடப் போகிறதே என்ற அச்சத்தில், அடியிலுள்ள டிரெயின் பிளக்கை, ஸ்பானரின் மேல் இரும்புக் குழாயைச் செருகி, அமுக்கித் திருகினதில் மரை போய்விட்டது. புத்தி பிசகியவனைப் பார்த்து "மரை கழன்றவன்" என்று நம்மவர்கள் ஏன் சொல்கிறார்கள் என்பது அன்று துல்லியமாய் விளங்கிற்று. லேத் பட்டறையில் சற்றுப் பெரிய பிளக் கடைந்து வாங்குகிற வரையில், ஒரு வாரம், காரின் கீழே சீர்வரிசைத் தாம்பாளம் ஒன்று எண்ணெய் ஏந்திக்கொண்டிருந்தது. வடித்த கறுப்பு எண்ணெயைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றப் போன சமயம், நம் புதல்வி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அப்பா, இது நாளைக்குக் குடிநீரில் வரும்" என்றாள். அதை டப்பாவில் அடைத்துப் பழைய எண்ணெய் வாங்குகிறவரிடம் கொடுத்தோம்.

இந்தக் கைங்கரியங்களின்போது கழற்றிய திருகாணிகளையெல்லாம் ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு வைப்பது நம் வழக்கம். மோட்டார்க் கையேடுகள் கழற்றுவதைப் பக்கம் பக்கமாய் விவரித்துவிட்டு, பூட்டுவதற்கு அதையே தலைகீழாய்ச் செய்யும்படி ஒரு வரியில் முடித்துவிடும். நாமும் தலைகீழாகத்தான் செய்தோம். முடிவில் கொட்டாங்கச்சியில் ஒரு சின்னத் திருகாணி எஞ்சியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வண்டியின் எந்தப் பாகம் இப்பொழுது ஆடிக்கொண்டிருக்கிறதோ என்று இரண்டு இரவுகள் தூக்கமில்லை. அதைக் காகிதத்தில் மடித்துக் கருவிப் பெட்டியில் வைத்தோம்.

அத்தோடு நின்றிருக்கலாம். 15 வயது கடந்த கார், பதிவைப் புதுப்பித்துக்கொள்ள ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்கு நிற்கவேண்டும். சோதனை நெருங்கியபடியால் பிரேக்கைச் சரிசெய்யத் தலைப்பட்டோம். சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் டிரம்முக்குள் ஒரே தூசி. வாயால் ஊதித் தள்ளினோம். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருப்பதுண்டு என்பதையும், அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் என்ன செய்யும் என்பதையும் பின்னால் படித்தறிந்தோம். நேயர்கள் யாரும் ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

புது ஷூ பூட்டியாயிற்று. வீல் சிலிண்டரின் ரப்பரையும் மாற்றியாயிற்று. இனி ஏர் எடுக்கவேண்டும். பிரேக்கின் தத்துவத்தைப் பிரெஞ்சு தேசத்துப் பாஸ்கல் என்ற அறிஞர் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்: அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் மற்ற எல்லா இடத்துக்கும் குறையாமல் போய்ச்சேரும். காலால் மிதித்தது நான்கு சக்கரங்களிலும் உறைக்கிறது. ஆனால் குழாயில் திரவத்தோடு காற்றும் இருந்தால், மிதித்த பலமெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். கால் பஞ்சு மெத்தையில் அமுங்குவதுபோல் அமுங்கும். ஆகையால் ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் சக்கரத்தடியில் படுத்து நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்றவேண்டும்.

மிதிப்பதற்கு நம் புதல்வியை உட்கார்த்தினோம். மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரமான பின்பக்கத்து இடது சக்கரத்தில் ஆரம்பித்தோம். "மிதி!" என்போம், மிதிப்பாள். நிப்பிளைத் திறப்போம், திரவமும் குமிழியும் சீறிக்கொண்டு வரும். "விடு!" என்போம், விடுவாள். உடனே முறுக்குவோம். நாலு சக்கரத்துக்கும் இப்படியே செய்து முடிக்கையில் அந்தி சாய்ந்துவிட்டது. பெடல் சற்று மெத்தென்றிருந்தது. "புது ஷூ அல்லவா, பழகப் பழகச் சரியாகும்" என்று நமக்கு நாமே சாட்சி சொல்லிக்கொண்டோம். சிந்திய திரவம் மட்கார்டின் பெயிண்டைக் கொப்புளமாய்க் கிளப்பியிருந்தது. அதுதான் அன்றைய பெருங்கவலை!

மூன்றாம் நாள் முகூர்த்தம். நம் புதல்வி திருச்சியில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர, விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலேறவேண்டும். 40 கிலோமீட்டர்தானே என்று நாமே காரில் அழைத்துச் சென்றோம். சாலையெல்லாம் கல்யாண வண்டிகள். சுங்கச் சாவடியில் நீண்ட வரிசை. அதன் கடைசியில் கரும்பு லாரி ஒன்று. பிரேக்கை மிதித்தோம். கால் தரைக்குப் போயிற்று.

அந்தச் சில வினாடிகளில் நாம் என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்ல இயலவில்லை. பெடலை மறுபடி மறுபடி மிதித்ததும், கைப்பிரேக்கை இழுத்ததும், பக்கத்திலிருந்து "அப்பா!" என்ற குரல் கேட்டதும் நினைவிருக்கிறது. வண்டி நின்றபோது லாரியில் தொங்கிய கரும்புத் தோகை நம் முன் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தது. இருவரும் வெகுநேரம் பேசவில்லை. வண்டியை ஓரமாய்த் தள்ளி நிறுத்தி, அவளை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினோம். படியில் நின்றபடி, "நீங்கள் தனியாக ஓட்டாதீர்கள் அப்பா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை என்று தோன்றிற்று.

விழுப்புரத்திலிருந்து மொபெட்டில் ஒரு மெக்கானிக் வந்தார். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. குனிந்து இடது பின்சக்கரத்தின் உட்புறம் ஓடியிருந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, "ஏர் எடுத்தது யாரு சார்?" என்று கேட்டார். உண்மையை ஒப்புக்கொண்டோம். அவர் சிரிக்கவில்லை. நிப்பிள் முழுதும் முறுகாமல் திரவம் கசிந்திருக்கிறது. இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்த் தொடர் ஆனதால், ஓரிடத்து ஓட்டை எல்லாவற்றையும் வெறுமையாக்கிவிடும் என்றார். நம்மை ஓட்டுகிற ஆசனத்தில் உட்காரச் சொல்லி, சீல் உடைக்காத புதுத் திரவத்தைத் திறந்தார். பழைய டப்பாவில் மிஞ்சினதை ஊற்றலாமே என்றோம். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிற திரவமாம். டாட் 3 என்ற ரகம் புதிதாயிருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரிக்கே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் ஆவி, ஆவியும் காற்றைப்போலத்தான் அமுங்கும்.

"மிதிங்க சார்" என்றார். மிதித்தோம். "பிடிங்க... அப்படியே பிடிங்க... பிடிச்சிட்டே இருங்க." நிப்பிளை முறுக்குகிற சத்தம் கேட்டது. அப்புறந்தான், "இப்ப விடுங்க."

நம் வீட்டு வாசலில் நாம் "பிடி" என்று சொல்லவே இல்லை. திறந்த நிப்பிளோடு "விடு" என்று சொன்னதால், வெளியேற்றிய காற்றையெல்லாம் ஒவ்வொரு தடவையும் பெடல் திரும்ப உறிஞ்சிக்கொண்டது. மிதிக்கும் விடுதலைக்கும் நடுவில் இரண்டு வினாடி. நாம் படித்த புத்தகத்தில் அது இருந்ததா இல்லையா என்று வீட்டுக்கு வந்து பார்த்தோம். இருந்தது, நம் கண்ணில்தான் படவில்லை. அந்தப் பிள்ளைக்கோ அது புத்தகத்தில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த கூட்டத்தார் நாம், எண்ணெய்க் கையைப் பார்த்தால் ஓரடி விலகி நின்றே பழகியவர்கள். அன்று அந்த எண்ணெய்க் கையின் கட்டளைக்கு மிதித்தும் பிடித்தும் விட்டும் முக்கால் மணி நேரம் ஊழியம் செய்தோம்.

எண்ணெய், பாட்டரி, காற்று வடிகட்டி ஆகியவற்றை இன்றும் நாமே பார்த்துக்கொள்கிறோம். இவற்றில் பிசகு நேர்ந்தால் வண்டி நிற்கும். பிரேக்கில் பிசகினால் வண்டி நிற்காது. ஆதலால் அதற்கு விழுப்புரத்திலிருந்து மொபெட் வருகிறது.

அன்று புறப்படுமுன், கருவிப் பெட்டியிலிருந்த காகித மடிப்பைப் பிரித்து, இரு இரவு தூக்கத்தைக் கெடுத்த அந்தத் திருகாணியை அவரிடம் காட்டினோம். இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார்.

"இது வண்டியோடது இல்லை சார். தையல் மிஷினோடது. எங்க அம்மா தைக்கிறாங்க, அதான் தெரியும்."

திருப்புளி எடுக்க மிஷின் அறையை நாம் கவிழ்த்த நாள் முதலாக, துணி கோணிக்கொண்டு போகிறது என்று வீட்டில் ஒருவர் மூன்று வாரமாய் அந்த மிஷினை வைதுகொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.